தைராய்டு என்று சொல்லியிருக்கிறேன்

ஆடி பிறந்தால் தேரி நடக்கத் தொடங்கும்.
ஜன்னலைச் சாத்தினாலும் சிவப்பு மணல் உள்ளே வரும்,
சோற்றுப்பானைக்குள், பிள்ளையின் காதுக்குள்,
இவருடைய பிரசங்கத் தாள்களின் மடிப்புக்குள்.
காலையில் தூத்துத் தள்ளுகிறேன்.
மத்தியானம் பார்த்தால்
தூத்ததற்கு அடையாளமே இல்லை.

இது எங்களுக்கு மூன்றாவது சேகரம்.
முதல் ஊரில் அது வரவில்லை.
இரண்டாவது ஊரில், பிசானம் அறுத்து முடித்த மாதம்,
பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தேன்.
கரண்டியைக் கீழே வைத்தேன்.
திரும்ப எடுக்க நாலு மாதம் ஆயிற்று.

யாரும் சாகவில்லை. கடன் இல்லை.
இவர் கை நீட்டுகிறவரும் இல்லை.
காரணம் என்று ஒன்று இருந்திருந்தால்
அதற்காவது ஜெபிக்கச் சொல்லியிருப்பேன்.

பாளையங்கோட்டைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.
பக்கத்துப் பல் டாக்டர் வாசலில் நின்று
செல்போனைப் பார்ப்பதுபோல் பார்த்து
சட்டென்று அடுத்த படியில் ஏறிவிடுவேன்.
ஊரில் கேட்டால் தைராய்டு.
தைராய்டுக்காக உபவாசம் இருக்கிறார்கள்.
ஆண்டவரும் பாவம்,
இல்லாத வியாதியை
வாராவாரம் சுகமாக்கிக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை மாதர் சங்கம்.
பாக்கியமணி மகளுக்கு வரன்,
ரூபாவதிக்குக் கர்ப்பப்பை,
"ஐயரம்மா ஜெபிங்க" என்பார்கள்.
ஜெபம் வரும். தடையில்லாமல் வரும்,
தாமிரபரணித் தண்ணீர் தெருக்குழாயில் வருவதுபோல.
அணையில் எவ்வளவு கிடக்கிறதென்று
குழாய்க்குத் தெரியாது.

கன்வென்ஷன் பந்தலில் வெளியூர்ப் பிரசங்கியார் சொன்னார்:
"சோர்ந்துபோகிறவன் பிசாசுக்குப் பாய் விரிக்கிறான்.
ஜெயம் எடுத்தவர்கள் கையை உயர்த்துங்கள்."
என் கையும் உயர்ந்தது.
கொடியில் காயும் இவருடைய அங்கி
காற்றடித்தால் கை தூக்குமே, அப்படி.

ராத்திரி இவர் கட்டிலோரம் முழங்காலில் இருப்பார்.
தூங்குவதுபோல் கிடப்பேன்.
என் பெயர் வரும் இடத்தில்
இவர் குரல் ஏழாம் வகுப்புப் பையன் குரலாகிவிடும்.

அசனத்தன்று நான் எழுந்திருக்கவில்லை.
வெளியே அண்டாக்கள் உருளும் சத்தம், பருப்பு தாளிக்கிற மணம்,
யார் எத்தனை மூட்டை அரிசி என்று ஒலிபெருக்கியில்.
"ஐயரம்மாவ எங்க காணோம்?"
"தைராய்டு கூடிட்டாம்."

கோயில்பிள்ளை பொண்டாட்டி எப்சிபா
இடுப்பில் பிள்ளையும் கையில் தூக்குச்சட்டியுமாக வந்தாள்.
என்னைவிடப் பத்து வயது சின்னவள்.
ஸ்தோத்திரம் சொல்லவில்லை.
"கொஞ்சம் நகருங்கம்மா" என்று விரிப்பை உருவி
வாசலில் கொண்டுபோய் உதறினாள்.
சோற்றைப் பிசைந்து, எலும்பில்லாத கறியாகப் பொறுக்கி வைத்து,
சுகர் மாத்திரையைக் கேட்பதுபோலக் கேட்டாள்:
"காலைல உள்ளத போட்டியளா?"

எங்கள் வீட்டுக் குப்பையை எடுத்துப் போகிறவள் அவள்.
காலி அட்டைகளை மடித்து மடித்து
பால் கவருக்குள் சொருகித்தான் போட்டிருந்தேன்
இரண்டு வருஷமாக.

"தூக்கமா வருதுன்னு நிப்பாட்டிராதிய.
எங்க சித்தி நிப்பாட்டிச்சி."
அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
பிள்ளை என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ்
போதும் என்று படுத்துவிட்டவனிடம்
தூதன் கணக்குக் கேட்கவில்லை.
தழலில் சுட்ட அடை, தலைமாட்டில் தண்ணீர்.
தின்றான். மறுபடியும் படுத்துக்கொண்டான்.
விட்டுவிட்டான் தூதன்.
பதினோரு வருஷம் ஞாயிறு பள்ளியில்
இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்,
அவன் மலைவரைக்கும் நடந்ததை மட்டும்.
அடையை வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன்.

நாலு வாய் இறங்கியது. ஐந்தாவதில் மணல்.
சேர்த்து மென்றேன்.

வெளியே இவர் முடிவு ஜெபம் செய்தார்.
ஊரே ஆமென் என்றது.
என் வாய் நிறையச் சோறு.